ரயில் வந்துவிட்டது, நிலையத்துக்கு நடக்க வழி எங்கே?

நகரத் திட்டமிடல் படிக்கும் ஒரு மாணவி இப்படிக் கேட்டிருந்தார்: கோலாலம்பூரில் எல்.ஆர்.டி. (இலகு ரயில்), எம்.ஆர்.டி. (பெருந்திரள் விரைவு ரயில்), மோனோரயில், கோமியூட்டர் (புறநகர் ரயில்) என்று இத்தனை இருந்தும் மக்கள் ஏன் இன்னும் காரையும் மோட்டார் சைக்கிளையும் விடவில்லை? ஒரு நகர நிர்வாகம் எந்தக் கொள்கையை வகுத்தால் ஆட்கள் நடப்பார்கள், சைக்கிள் ஓட்டுவார்கள், பஸ் ரயிலில் ஏறுவார்கள்? இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடைபாதையிலிருந்து தொடங்குங்கள். ரயிலில் போகிறவர் எல்லாருமே நடக்கிறவர்கள்தான். வீட்டிலிருந்து நிலையம் வரை ஒரு நடை, இறங்கியபின் வேலையிடம் வரை இன்னொரு நடை. அந்த இரண்டும் கெட்டிருந்தால் நடுவில் ஓடும் ரயில் எவ்வளவு நல்ல ரயிலாக இருந்தாலும் ஆள் கார்ச் சாவியைத்தான் எடுப்பார். கோலாலம்பூர் தண்டவாளத்துக்குப் பணம் கொட்டியது. நிலையத்துக்குப் போகும் வழியை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டது. இந்த நகரத்தின் போக்குவரத்துக் கொள்கையில் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான்.

ரயில் போடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 1995-ல் கோமியூட்டர், 1996 டிசம்பரில் ஸ்டார் எல்.ஆர்.டி., 1998-ல் புத்ரா எல்.ஆர்.டி., 2003 ஆகஸ்ட் 31-ல் மோனோரயில். அப்புறம் 2016-லும் 2017-லும் இரண்டு கட்டமாகக் காஜாங் எம்.ஆர்.டி., 2022-லும் 2023-லும் புத்ராஜெயா எம்.ஆர்.டி. கடைசியாகச் சொன்ன தடம் மட்டுமே 57.7 கிலோமீட்டர். முப்பது ஆண்டுகளுக்குள் இவ்வளவு போட்ட நகரங்கள் தென்கிழக்காசியாவில் அதிகமில்லை. ஆனால் 2020-க்கான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம், பயணங்களில் 60 விழுக்காடு பொதுப்போக்குவரத்தில் நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூட நாம் போகவில்லை. இப்போதைய 2040 திட்டம் அந்த இலக்கை 70 விழுக்காடாக உயர்த்தியிருக்கிறது. இலக்கு உயர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 60 ஏன் கைகூடவில்லை என்பதற்கு நேர்மையான விடை வேண்டும். அது இல்லாமல் 70 காகிதத்திலேயே நின்றுவிடும்.

கே.எல். சென்ட்ரலையே பாருங்கள். 2001-ல் திறந்த, நாட்டின் மிகப் பெரிய ரயில் நிலையம் அது. 2003-ல் மோனோரயில் வந்தபோது அதன் நிலையம் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம், ஜாலான் துன் சம்பந்தனில் அமைந்தது. இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான். அந்தச் சில நூறு மீட்டரைப் பயணிகள் பல ஆண்டுகள் கட்டுமான இடத்தின் ஓரமாக, வெயிலிலும் மழையிலும், பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்தார்கள். 2014-ல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகுதான் கூரைக்கடியில் நடந்து மாற முடிந்தது. பதினோரு ஆண்டு! அதுவும் நகரக் கொள்கை செய்த வேலையாக இல்லாமல் ஒரு வணிக வளாகம் வந்ததன் பலனாக அமைந்தது. மஸ்ஜிட் ஜாமிக்கிலும் இதே மாதிரிதான். இரண்டு எல்.ஆர்.டி. தடங்களும் அங்கே சந்திக்கின்றன. ஆனால் வெளியே வராமல் ஒரே டிக்கெட்டில் மாறும் வசதி 2011-ல்தான் வந்தது. தொடக்கத்தில் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் சொத்து. அவரவர் கணக்கை அவரவர் பார்த்தார்கள், மாறிப் போகும் பயணி யார் கணக்கிலும் வரவில்லை.

இதில் ஆட்சி அமைப்புக்கும் பங்கு உண்டு, மாணவர்கள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் மூன்றையும் ஓட்டுவது பிரசரானா, மத்திய அரசின் நிறுவனம். நிலையத்துக்கு வெளியே உள்ள நடைபாதை கோலாலம்பூருக்குள் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. எல்லையைத் தாண்டினால் பெட்டாலிங் ஜெயாவுக்கு ஒரு மன்றம், ஷா ஆலாமுக்கு இன்னொன்று. நடுவே ஓடும் நெடுஞ்சாலை டோல் நிறுவனத்தின் கையில். 1974 பிப்ரவரி 1 முதல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், அதாவது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அதன் மேயர் நியமிக்கப்படுகிறவர், நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர் அல்ல. 1965-ல் நிறுத்திவைக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. உடைந்த நடைபாதைக்காக வாக்கை இழக்கும் அரசியல்வாதி இங்கே இல்லை என்பதை ஆய்வில் கட்டாயம் எழுதுங்கள். பொறியியல் பிரச்சினை போலத் தோன்றும் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

"மலேசிய வெயிலில் யார் நடப்பார்கள்?" என்ற வாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். இதற்கு இந்த ஊரின் வரலாறே பதில் சொல்கிறது. 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மூங்கிலும் அத்தாப்பு ஓலையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று 1880-களில் பிரிட்டிஷ் அதிகாரி ஸ்வெட்டன்ஹாம் காலத்தில் விதி வந்தது. அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் இன்றைய பிரிக்ஃபீல்ட்ஸ். அப்போது எழும்பிய கடைவீடுகளின் முன்னால் காக்கி லீமா இருந்தது. கடை முதலாளி தன் சொந்த நிலத்தில், கூரையோடு, பொதுமக்கள் நடக்க ஐந்தடி வழி விட வேண்டும். சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் 1822-ல் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து தீபகற்பம் முழுக்கப் பரவிய முறை இது. நிழல், மழைக்கு ஒதுங்க இடம், வண்டியிலிருந்து பாதுகாப்பு, கடைக்கு வியாபாரம் எல்லாமே ஒரு விதியில் கிடைத்தன. அரசுக்குச் செலவும் இல்லை. நடையை ஊக்குவிக்கும் நகரக் கொள்கைக்கு வெளிநாட்டு உதாரணம் தேடுகிறவர்கள் முதலில் ஜாலான் துன் எச்.எஸ். லீ பக்கம் போய்ப் பார்க்கட்டும்.

அந்தக் காக்கி லீமாவின் இன்றைய நிலை வேறு. ஒரு கடை தரையை ஓரடி உயர்த்தியிருக்கும், அடுத்தது சரக்கை அடுக்கியிருக்கும், மூன்றாவதன் முன்னால் நாலு மோட்டார் நிற்கும். விதி இருக்கிறது, கண்காணிப்பு இல்லை. இதன் வலி எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நிறையப் பேர் அந்த வட்டாரத்தில் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அவர்களுக்காகப் பதித்த மஞ்சள் நிறத் தடக்கல்லின் மேல் ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு "ரெண்டு நிமிஷம்தானே" என்று சொல்லும்போது, கைத்தடியோடு வருகிறவர் சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. ஒரு நகரத்தின் போக்குவரத்துக் கொள்கையை நான் இந்த இடத்தில் நின்றுதான் மதிப்பிடுவேன்.

கூரை போட்ட நடைபாதை பெரிய செலவு என்பதும் பாதி உண்மைதான். சிங்கப்பூர் 2013-ல் ஒரு திட்டம் அறிவித்தது. எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் உள்ள பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாவற்றுக்கும் கூரையிட்ட பாதை. 2018 வாக்கில் 200 கிலோமீட்டர் போட்டு முடித்தார்கள். ஒரு எம்.ஆர்.டி. தடத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. நம்மிடமும் முன்மாதிரி உண்டு. இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி.யிலிருந்து புக்கிட் பிந்தாங் வரை குளிரூட்டிய மேம்பால நடைபாதை 2012-ல் திறந்தது. பெட்ரோனாஸ் பணம் போட்டது. மதிய வெயிலில் அதில் போகும் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் மலேசியர்கள் நடக்க மாட்டார்கள் என்று சொல்ல மாட்டார். பேரங்காடிகளையும் மாநாட்டு மையத்தையும் இணைக்க முடிந்த நகரத்துக்கு, செந்தூல் அடுக்குமாடியையும் அதன் எல்.ஆர்.டி. நிலையத்தையும் இணைக்கவும் முடியும்.

பஸ் பற்றிக் கொஞ்சம். ரயிலைப் போடுவது எளிது என்று சொல்லவில்லை, ஆனால் திறப்பு விழாவுக்கு அழகாக இருப்பது ரயில்தான். அன்றாட வாழ்க்கையை மாற்றுவது பஸ். 1975 முதல் 1998 வரை ஓடிய பாஸ் மினி என்ற சிறு பஸ்ஸை வயதில் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். நெரிசல், வேகம், ஆபத்து எல்லாம் இருந்தது உண்மை. ஆனால் அடிக்கடி வந்தது, குடியிருப்புக்குள் நுழைந்தது. இன்று பஸ்ஸின் முதல் குறை கட்டணம் இல்லை. மை50 அட்டை எடுத்தால் மலேசியக் குடிமக்கள் மாதம் 50 ரிங்கிட்டுக்குப் பிரசரானாவின் ரேபிட் கே.எல். ரயில், பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். நகர மையத்தில் 2012 முதல் கோ கே.எல். பஸ் நமக்கு இலவசம். எம்.ஆர்.டி. இணைப்புப் பஸ் 1 ரிங்கிட். உலகத் தரத்தில் இது மலிவு. குறை நேரத்தில் இருக்கிறது. பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் நிற்கும் இருபது நிமிடத்துக்கு எந்தக் கட்டணச் சலுகையும் ஈடாகாது. வந்த பஸ்ஸும் காரோடு சேர்ந்து அதே நெரிசலில் நின்றால், காரில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆகவே கட்டணத்தைக் குறைப்பதை விடப் பஸ்ஸுக்குத் தனித் தடம் கொடுப்பது பெரிய கொள்கை என்று நான் நினைக்கிறேன். 2015-ல் திறந்த சன்வே பி.ஆர்.டி.யை (விரைவுப் பஸ் தடம்) பாருங்கள். 5.4 கிலோமீட்டர் முழுக்க உயர்த்திய தனிப்பாதை, மின்சாரப் பஸ். கீழே நெரிசல் எப்படி இருந்தாலும் மேலே பஸ் நிற்காது. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000-ல் இதே காரியத்தைத் தரையிலேயே, இருக்கும் சாலையின் நடுத் தடங்களைக் காரிடமிருந்து எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுத்துச் செய்தது. மேம்பாலம் கட்டினால் கார்க்காரர் யாரும் கோபப்பட மாட்டார், ஆனால் செலவு ஏறும். தரைத் தடத்தை எடுத்தால் செலவு குறைவு, எதிர்ப்பு அதிகம். நம் ஊர் பெரும்பாலும் முதல் வழியையே தேர்ந்தெடுக்கிறது. அண்மைக் காலமாக ரேபிட் கே.எல். செயலியில் அழைத்தால் வரும் சிறு வேன்களைக் குறைந்த கட்டணத்தில் ஓட்டுகிறது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மூட இது நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனாலும் நடந்து போகக்கூடிய எழுநூறு மீட்டருக்கு வேன் தேவைப்படுகிறது என்றால் அங்கே பாதையில்தான் கோளாறு.

கட்டணச் சலுகைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். வீட்டுச் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அது வேலைக்குப் போகும் வாய்ப்பையே திறந்துவிட்டது. ஏற்கெனவே பஸ் அடிக்கடி ஓடும் ஊரில் சலுகை பெரிய விளைவைத் தரும்.

சைக்கிளுக்கு வருவோம். மிட் வேலியிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக நகர மையம் வரை 5.5 கிலோமீட்டர் தனிச் சைக்கிள் பாதை 2015-ல் திறந்தது. ஆற்றோரமும் மேம்பாலத்துக்கு அடியிலும் வளைந்து போகும் அந்தப் பாதை நல்ல எண்ணத்தில் பிறந்தது. ஆனால் இரவில் வெளிச்சம் குறைவான, ஆள் நடமாட்டம் இல்லாத பகுதிகள் அதில் உண்டு. ஒரு பெண் வேலை முடிந்து ஏழரை மணிக்குத் தனியாக வர யோசிப்பார். 2018 பிப்ரவரியில் ஐ.நா.வின் உலக நகர மாநாடு இங்கே நடந்தது. அதையொட்டி நகர மையச் சாலைகளில் நீல நிறச் சைக்கிள் தடம் தீட்டினார்கள். தடுப்பு எதுவும் கிடையாது, வெறும் சாயம். கார்கள் அதன்மேல் நின்றன, மோட்டார்கள் அதில் ஓடின. சைக்கிள் தடம் தோற்றுவிட்டது என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். தோற்றது தடுப்பில்லாத தடம், அவ்வளவுதான்.

ஸ்பெயினின் செவில் நகரம் இதற்கு நேர் எதிரான பாடம். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊர் அது, சைக்கிள் பழக்கமே இல்லாமல் இருந்தது. 2006-க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை, காரிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று இணைத்து, ஒரே மூச்சில் போட்டார்கள். சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. இங்கே அரை கிலோமீட்டர், அங்கே ஒன்று என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தால் அது நடந்திருக்காது. நடுவில் ஒரே ஒரு சந்திப்பு ஆபத்தாக இருந்தால் முழுப் பாதையும் பயன்படாது. பிள்ளையை அந்த வழியே அனுப்பப் பெற்றோருக்கு மனம் வராது.

கோலாலம்பூரில் ஞாயிறு காலை சில சாலைகளைக் காருக்கு மூடிவிடுகிறார்கள். நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் வருபவர் என்று கூட்டம் சேர்கிறது. நல்லது. பொகோட்டாவில் 1974 முதல் இப்படி ஒரு பழக்கம் வளர்ந்து இன்று நூறு கிலோமீட்டருக்கும் மேல் மூடுகிறார்கள். ஞாயிறு வருகிற அதே ஆள் திங்கட்கிழமை ஏன் வருவதில்லை என்று கேட்டாலே பதில் கிடைத்துவிடும். அவரிடம் சைக்கிளும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, பாதுகாப்பான வழி மட்டும் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் கொடுப்பது. எடுப்பதும் வேண்டும், அரசியல்வாதிகள் பேசத் தயங்கும் பாகம் அது. 1983-ல் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் தொடங்கியது முதல் கார் வாங்குவதைத் தேச வளர்ச்சியோடு சேர்த்தே பார்த்து வந்திருக்கிறோம். ஒன்பது ஆண்டு வரை கார்க் கடன் கிடைக்கிறது. நாட்டில் பதிவான வாகனங்கள் 36 மில்லியனைத் தாண்டி மக்கள்தொகையையே மிஞ்சிவிட்டன. பெட்ரோலுக்கு நீண்ட காலம் எல்லாருக்கும் மானியம். 2025 செப்டம்பர் 30 முதல் அதைக் குடிமக்களுக்கு மட்டும், லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் என்று வரையறுத்தார்கள். வெளிநாட்டவருக்குப் போய்க்கொண்டிருந்த மானியம் நின்றது சரிதான். ஆனால் மாதம் 300 லிட்டர் என்பது சாதாரணமாக வேலைக்குப் போய்வரும் ஒருவருக்குத் தாராளமான அளவு. காரைக் குறைத்து ஓட்ட அதில் எந்தத் தூண்டுதலும் இல்லை.

வண்டி நிறுத்தும் இடம் இதைவிட முக்கியம் என்பது என் கருத்து. 2016-ல் நகர மையத்தில் சாலையோரக் கட்டணத்தை முதல் மணிக்கு 2 ரிங்கிட், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 3 ரிங்கிட் என்று உயர்த்தியபோது பெரிய கூச்சல் எழுந்தது. கட்டணம் கூடினாலும், இரட்டை வரிசையில் நிறுத்துவதைத் தடுக்கும் கண்காணிப்பு கூடவே வராவிட்டால் ஒழுங்காகக் காசு கட்டுகிறவர் மட்டுமே தண்டனை அனுபவிப்பார். நிலையங்களை ஒட்டி அடுக்குமாடி கார் நிறுத்துமிடம் கட்டுவதையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும். தொலைவிலிருந்து வருகிறவருக்கு அது உதவி. ஆனால் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் உள்ள நிலம் நகரத்திலேயே மதிப்பு மிக்கது. அங்கே ஆயிரம் கார் தூங்குவதற்குப் பதில் ஆயிரம் குடும்பம் குடியிருந்தால் அந்த ரயில் தானாகவே நிறையும்.

நெரிசல் கட்டணம் பற்றியும் அவ்வப்போது பேச்சு எழுகிறது. சிங்கப்பூர் 1975-லேயே தொடங்கிவிட்டது. லண்டன் 2003-ல். ஸ்டாக்ஹோம்தான் எனக்குப் பிடித்த உதாரணம். 2006-ல் ஏழு மாதம் சோதனையாக ஓட்டினார்கள், நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20 விழுக்காடு குறைந்தன. அதன் பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2007-ல் நிரந்தரமாக்கினார்கள். சோதனைக்கு முன்பே கூடுதல் பஸ்களை இறக்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கோலாலம்பூரில் இன்றே கட்டணம் போட்டால் அடிபடுவது யார்? ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வரும் குறைந்த சம்பளக்காரர். ஆகவே பஸ் தடமும் நடைபாதையும் முதலில், கட்டணம் அடுத்து. இந்த வரிசை மாறினால் மக்கள் ஆதரவு போய்விடும். முதல் வேலையை முடிக்காமலே இரண்டாவதைத் தள்ளிப்போடும் சாக்காகவும் இந்த வரிசை ஆகிவிடக் கூடாது.

நம் மக்கள் மாற மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்குத் தைப்பூசத்தைக் காட்டுவேன். பத்துமலைக்குக் கோமியூட்டர் 2010-ல் வந்தது. அதற்கு முன்பு பத்துமலைப் பக்கம் கார் நிறுத்த அலைந்ததைக் கேட்டால் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது தைப்பூச நாட்களில் இரவிலும் ரயில் ஓடுகிறது, நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கத்திலேயே. சாலைகளைக் காருக்கு மூடிவிடுகிறார்கள். பால்குடம் ஏந்தியவர், கைக்குழந்தையோடு வந்த தாய், பேரனைப் பிடித்துக்கொண்டு நடக்கும் தாத்தா எல்லாரும் ரயிலில் வருகிறார்கள். யாருக்கும் விழிப்புணர்வுப் பிரசாரம் தேவைப்படவில்லை. அடிக்கடி வரும் ரயில், வாசலில் நிலையம், நடக்க இடம், காருக்குத் தடை என்று நான்கும் ஒரே நேரத்தில் அமைந்தன. ஆண்டில் ஓரிரு நாள் நம் நகரம் இதைச் செய்து காட்டுகிறது.

சரி, ஆய்வுக்கு வருவோம். முழு நகரத்தையும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், நகர மையத்தில் வேண்டாம், செந்தூல் தீமோர் அல்லது ஜிஞ்ஜாங் மாதிரி குடியிருப்புப் பக்கம். அதைச் சுற்றி 500 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு தெருவையும் நீங்களே நடந்து பாருங்கள், காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை. இரவு நடைக்குத் துணைக்கு யாரையாவது கூட்டிச் செல்லுங்கள். நடைபாதை எங்கே அறுபடுகிறது, எங்கே நிழல் இல்லை, சாலையைக் கடக்கப் பச்சை விளக்குக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது, சக்கர நாற்காலி எந்த இடத்தில் நின்றுவிடும் என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அந்த இடம் யாருடைய பொறுப்பு என்று எழுதுங்கள்: மாநகர் மன்றமா, பிரசரானாவா, நெடுஞ்சாலை நிறுவனமா, தனியார் நிலமா. அந்த வரைபடத்தை 2040 திட்டத்தின் வாசகத்தோடு வைத்து ஒப்பிட்டால் உங்கள் ஆய்வின் முக்கிய அத்தியாயம் தயார். முடித்த பிறகு ஒரு பிரதியை மாநகர் மன்றத்துக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் கொடுங்கள்.